பீட்ரூட் நூலும் புற்றுநோய் சோப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் இளம் கண்டுபிடிப்பாளர்கள் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். முப்பத்தொரு வருடம் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்தவள் நான். அதனால் டேசியா டெய்லர் கண்டுபிடித்த, தையல் போட்ட புண்ணில் கிருமி பிடித்தால் நிறம் மாறிக் காட்டும் பீட்ரூட் நூலை அவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போக முடியவில்லை.

2021இல் அவர் அமெரிக்காவில் அயோவா மாநிலத்துப் பள்ளி மாணவி. அந்த வருடம் ரீஜெனரான் என்ற மாணவர் அறிவியல் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்த 40 பேரில் ஒருவர். 'நிறம் மாறும் மந்திர நூல்' என்று போட்டிருந்தீர்கள். மந்திரம் ஒன்றுமில்லை. நல்ல தோலின் பிஹெச் அளவு, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 5 வாக்கில் இருக்கும். கிருமி பிடித்த புண்ணில் அது 8, 9 என்று ஏறும். அப்போது பீட்ரூட் சாறில் ஊறிய நூலின் பளிச்சென்ற சிவப்பு, கரும் ஊதாவாகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

தையல் போட்ட இடம் சிவந்திருந்தால் டாக்டரிடம் சொல் என்றுதான் எங்களுக்குப் பாடம். நம் ஊர்த் தோலில் அந்தச் சிவப்பு எங்கே தெரிகிறது? புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம், அழுத்திப் பார்ப்போம். வீட்டுக்குப் போனவர்களுக்கு அதுவும் கிடையாது. சிசேரியன் ஆன பெண் பத்தாம் நாள் சீழோடு திரும்பி வந்து, "தையல்னா வலிக்கத்தானே செய்யும்னு இருந்துட்டேன் சிஸ்டர்" என்பாள். எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! அந்த மாணவியும் ஆப்பிரிக்க நாடுகளில் சிசேரியனுக்குப் பிறகு இப்படி அவதிப்படும் பெண்களை நினைத்துத்தான், விலை குறைந்த வழி தேடியிருக்கிறார்.

ஆனால் எனக்குச் சில சந்தேகங்கள். புண்ணைச் சுற்றி பெட்டாடின் பூசினால் எல்லாமே பழுப்புதான். அதில் எந்த ஊதா தெரியும்? இப்போது பலருக்குத் தோலுக்கு அடியிலேயே கரையும் நூலில் தைத்துவிடுகிறார்கள். வெளியே தெரியாத நூல் என்ன நிறமானால் என்ன? ஆழத்தில் சீழ் கட்டினால் மேலே இருக்கும் நூலுக்கு அது தெரியுமா? குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. ஒரு வார்டு செவிலியரிடமோ சர்ஜனிடமோ இரண்டு கேள்வி கேட்டுப் போட்டிருந்தால், படிக்கிற பிள்ளைகளுக்கு அடுத்து எதை யோசிக்கலாம் என்று தெரிந்திருக்கும்.

அதே பக்கத்தில் ஹேமன் பெக்கலே என்ற பள்ளி மாணவரின் சோப்பு. 'தோல் புற்றுநோயைக் குணமாக்கும் சோப்பு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. 2024இல் டைம் பத்திரிகை அவரைக் கௌரவித்தது உண்மை. ஆனால் அந்த வருடம்கூட அந்த ஆய்வு எலிகள் அளவில்தான் இருந்தது. அதில் சேர்க்கும் இமிகுவிமாட் புது மருந்தும் இல்லை. களிம்பாக ஏற்கெனவே டாக்டர்கள் எழுதிக் கொடுப்பதுதான். சோப்பு போட்டுக் கழுவிய பிறகும் மருந்து தோலிலேயே தங்க வேண்டும். பையனின் சாமர்த்தியம் அதற்கு யோசித்த வழியில் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு வரி இல்லை.

இதழ் வந்த அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெரியவர் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கன்னத்தில் ஆறு மாதமாக ஆறாத புண் அவருக்கு. "இந்த சோப்பு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்குமாம்மா?" என்றார்.

அடுத்த முறை எலியில் சோதித்ததா, மனிதரிடம் சோதித்ததா, கடைக்கு வந்துவிட்டதா என்று தலைப்புக்குக் கீழேயே ஒரு வரி போடுங்கள். பெரியவரை வருகிற செவ்வாய்க்கிழமை தோல் டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்.