குத்ரேமுக் போகும் தம்பிக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்தாகிவிட்டது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வருகிற சனிக்கிழமை கர்நாடகாவில் குத்ரேமுக் மலை ஏறப் போகிறாய் என்று பாப்பா சொன்னாள். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. போன தடவை அனுப்பிய போட்டோவில் பாறையும் உன் பையும்தான் இருந்தன. யாரும் கூட இல்லையா என்று அம்மா கேட்கிறாள்.

மலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கிற சென்ட்ரல் ஸ்டேஷன் வரை ஏழு வயதில் ஒரு தடவைகூடத் தோளில் ஏறாமல் நடந்தவன் நீ. ஜீப் ஸ்டாண்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொள்கிறேன். அவ்வளவு நடக்கிற பிள்ளைக்கு ஒரு போன் போட முடியவில்லையா? மூன்று ஞாயிறு ஆகிவிட்டது.

குத்ரேமுக் ஏறக்குறைய 1,890 மீட்டர். அதுவும் நம் டாப் ஸ்டேஷன் மலைப் பக்கம் மாதிரிதான், மேட்டில் புல், மடிப்பில் சோலை. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவது அந்த இரண்டும்தான். நமக்குக் கொட்டகுடி ஆறு வருவது அப்படித்தான், அங்கே துங்கா, பத்ரா, நேத்ராவதி பிறப்பதும் அப்படித்தான். சேறாக இருக்கிறதென்று ஆளாளுக்குப் புல்லில் ஓரம் கட்டி நடந்தால், ஒற்றையடித் தடம் வண்டித்தடமாகி அடுத்த மழைக்கு மண்ணோடு போய்விடும். சேற்றிலேயே நட. கிளம்பும்முன் பழைய பல் பிரஷ்ஷால் ஷூ அடியைத் தேய்த்துக் கழுவு, பார்த்தீனியம் களை விதையை நீயே மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதே. ஆரஞ்சுத் தோலைக்கூடக் கீழே கொண்டு வா. காட்டுமாடு நின்றால் நீயும் நில், அது போகட்டும். வனத்துறை அனுமதி இல்லாமல், வழிகாட்டி இல்லாமல் ஏறாதே. மஞ்சு இறங்கினால் பத்தடி தெரியாது, நாலு மணிக்குள் கீழே வந்துவிடு. தனியாகப் போகாதே.

புல் பச்சையாகத்தானே இருக்கிறது என்று அடுப்பு மூட்டாதே. 2018 மார்ச் 11 உனக்கு ஞாபகம் இருக்கும். குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அன்று ராத்திரி சென்னையில் இருந்த உனக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். காலையில்தான் எடுத்தாய். "நான் எதுக்குப்பா இப்ப மலைக்குப் போறேன்?" என்று சிரித்தாய்.

அன்றைக்கு நானும் மேலே போய்த் தூக்கி வந்தேன் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லியிருக்கிறாய். நான் போகவில்லை, தம்பி. குரங்கணி ஆட்கள் போர்வையும் கம்பும் எடுத்துக்கொண்டு இருட்டில் ஏறினார்கள், தொட்டில் மாதிரி கட்டித் தூக்கி வந்தார்கள். நான் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. முட்டிவலி என்றேன். முட்டி வலிக்கவில்லை. நெருப்புக்குப் பயப்படவில்லை. உன் வயசுப் பிள்ளைகளை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

சித்திரையில் நீ வந்து மூன்று நாள் மொட்டை மாடியிலேயே கிடந்தாயே, அப்போதும் அப்படித்தான். ராத்திரி இரண்டு தடவை பாதிப் படி வரை வந்தேன். நீ முழித்துக்கொண்டுதான் இருந்தாய், இருமல் கேட்டது. என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். ஏன் ஏறவில்லை என்று அம்மா கேட்டதற்கு முட்டிவலி என்றேன்.

கூட யார் வருகிறார்கள் என்று அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பு. யாரும் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காலையில் போடியில் பஸ் ஏறிவிடுகிறேன். மலையடிவாரத்து முள்ளோடிக்கு மேலே எனக்கு வழி தெரியாது, நீதான் கூட்டிப்போக வேண்டும். மெதுவாக நடப்பேன். வழியில் ஒன்றும் கேட்கமாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா

அம்மாவுக்கு வலது கண் நன்றாகத் தெரிகிறது. முதலில் உன் போட்டோவைத்தான் எடுத்துப் பார்த்தாள். இளைத்திருக்கிறாய் என்கிறாள்.