இரும்புக்கை மாயாவி மாறாமலா இருந்தான்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சூப்பர் ஹீரோக்களை நிறம் மாற்றியும் பெண்ணாக்கியும் கெடுத்துவிட்டார்கள் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் புரிகிறது. சிறு வயதில் நேசித்த முகம் மாறினால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அவர்கள் எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தார்கள்?

எழுபதுகளில் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர் என் அப்பா. டவுன் புத்தகக் கடைக்கு எப்போதாவது முத்து காமிக்ஸ் வரும். ஒரே புத்தகம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயம் முழுக்கச் சுற்றி, அட்டை கிழிந்து, ரப்பர் ஒட்டுப்பால் வாடையோடு வீடு திரும்பும். 1972இல் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவியை அப்படித்தான் படித்தேன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். எங்களுக்கு அவன் நியாயத்தின் ஆள். ஆனால் 1962இல் இங்கிலாந்து வார இதழில் பிறந்தபோது அவன் குற்றவழியில் இறங்கியவன். பிறகு உளவாளியானான். அமெரிக்கப் பாணி நாயகர்கள் கொடிகட்டிப் பறந்த அறுபதுகளின் பிற்பகுதியில் அவனுக்கும் ஓர் உடுப்பை மாட்டினார்கள். அந்த மோகம் அடங்கியதும் கழற்றிவிட்டார்கள்.

சூப்பர்மேன் கதையும் அதுதான். 1938இல் அறிமுகமானபோது அவனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். அதே ஆண்டு வந்த மூன்றாவது இதழில், தொழிலாளர் பாதுகாப்பைக் கண்டுகொள்ளாத சுரங்க முதலாளியையும் அவருடைய விருந்தாளிகளையும் அதே சுரங்கத்துக்குள் சிக்க வைக்கிறான். இதை நான் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியாத நேரத்தில் மரத்துக்குப் போன அப்பாதான் உடனே நினைவுக்கு வந்தார். அந்தக் கோபக்கார சூப்பர்மேன் பின்னாளில் சட்டம் ஒழுங்கின் காவலனாகிவிட்டான். நாம் 'அசல்' என்று கொண்டாடியது அந்தத் திருத்திய பதிப்பைத்தான்.

எல்லா மாற்றத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 1941இல் ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்ட அட்டைப்படத்தோடு வந்தவர் கேப்டன் அமெரிக்கா. ஐம்பதுகளில் அவரைக் கம்யூனிஸ்டு வேட்டைக்கு அனுப்பினார்கள். அது எடுபடவில்லை. 1964இல், போர் முடியும் காலத்திலிருந்தே பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தார் என்று சொல்லி மீட்டு வந்தார்கள். அந்த வேட்டைக் கதைகளை என்னால் ரசிக்க முடியவில்லை. 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் வெடித்த ஊர் எங்களுடையது. லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதைப் பாட்டி சொல்லிச் சொல்லி அழுதவர்.

2014இல் தனி இதழ் கண்ட சூப்பர் நாயகி கமலா கானை என் பேத்திக்குக் காட்டினேன். பாகிஸ்தானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்துப் பெண். சக்தி கிடைத்ததும் தான் போற்றும் பொன்முடி நாயகியின் உருவத்துக்கு மாறிவிடுகிறாள். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இவ ஏன் தாத்தா தன் முகத்தையே வேணாம்னு நினைக்கிறா?" என்று கேட்டாள் பேத்தி. இப்படியொரு கேள்வி அந்த வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. நான் படித்த கதைகளில் என் நிறத்தில் நாயகன் எவனும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களும் இல்லை. உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் அரைப் பக்கம் தமிழ்ச் சித்திரக்கதைக்கு ஒதுக்குங்கள், ஐயா. தலையில் விளக்குக் கட்டிய ஒரு பெண்ணைப் பேத்தி நான்கு கட்டங்களில் வரைந்து வைத்திருக்கிறாள். அனுப்பி வைக்கட்டுமா?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.