ஏழு நிமிடத் தாமதம்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "விண்வெளியிலேயிருந்து ஒரு கல் வந்து விழுந்தா நாம என்னம்மா பண்ண முடியும்? நடக்கிறது நடக்கட்டும்" என்றாய். உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, நானும் அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அந்த "நடக்கட்டும்" எனக்குச் சம்மதமில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன், கேள். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. அதன் விட்டம் 12,700 கி.மீ. சொச்சம். வகுத்துப் பார், தன் உடம்பளவு தூரத்தைக் கடக்கப் பூமிக்கு ஏழே நிமிடம்தான். நம்மை நோக்கி வரும் கல்லைத் தூள்தூளாக்க வேண்டாம், ஏழு நிமிடம் தாமதமாக வரவைத்தால் போதும். அது வந்து சேரும்போது நாம் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்போம். பத்து வருடம் முன்னதாகவே அதன் வேகத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாற்றினால் நேர்க்கணக்கிலேயே 3,000 கி.மீ.க்கு மேல் விலகிவிடும். சுற்றுக்குச் சுற்று அந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போவதால் உண்மையில் அதைவிட அதிகம். ஒரு சென்டிமீட்டர் கண்ணா, எறும்பு ஊருகிற வேகம்.

இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் போய் டைமார்ஃபோஸ் மீது மோதியது. டிடிமோஸ் என்ற பெரிய கல்லைச் சுற்றிவரும் 160 மீட்டர் அளவுள்ள கல் அது. நமக்கு ஆபத்தில்லாதது என்பதால்தான் சோதனைக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று நான் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு புள்ளி, அப்புறம் முட்டை வடிவம், அப்புறம் திரை முழுக்கப் பாறைகளும் சரளைக்கற்களும். கடைசிப் படம் பாதியில் அறுந்துபோயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சின்னக் கல் டிடிமோஸை ஒரு முறை சுற்றிவரும் நேரம் 73 நொடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். 11 மணி 55 நிமிடமாக இருந்தது அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது. மோதியபோது சிதறிப் பறந்த கல்லும் தூளும் எதிர்ப்பக்கம் உதைத்துத் தள்ளியதுதான் காரணம்.

தள்ளத் தெரிந்துவிட்டது, சரி. முன்கூட்டியே கண்ணில் பட வேண்டுமே, அதுதான் பெரிய பாடு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானத்தில் வெடித்த கல் 20 மீட்டர் அளவுதான். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் யாருமே முன்னால் பார்க்கவில்லை. சூரியனின் வெளிச்சத்தில் மறைந்து வருகிற கற்களை வெப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கத்தான் நியோ சர்வேயர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியைத் தயாரிக்கிறார்கள். அதற்குச் செலவாகும் பணத்தை வீண் என்று யாராவது உன்னிடம் சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதே.

ராத்திரியில் தூங்காமல் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறேன் என்று கேட்பாயே, அதுவும் இதே வேலைதான். ஹவாயில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள் தன்னார்வலர்களுக்கு வரும். மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரமெல்லாம் அப்படியே நிற்கும், மங்கலாக ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டில் நகரும். அதைக் குறித்து அனுப்புவேன். பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த கல்லாகத்தான் இருக்கும், இருக்கட்டும். 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற கல் 2032இல் பூமியில் மோத 3.1 சதவீத வாய்ப்பு என்றதும் நீ பதறினாயே, சில நாளிலேயே அது ஏறக்குறைய பூஜ்யமானது எப்படி? பல தொலைநோக்கிகளில் பலர் அது நகர்வதைப் புள்ளி புள்ளியாகக் குறித்துப் பாதையைத் துல்லியமாக்கியதால்தான்.

எனக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெகு தூரத்திலிருந்து வரும் வால்மீன்கள் அவகாசம் தருவதில்லை. 2013 ஜனவரியில் கண்டுபிடித்த சைடிங் ஸ்பிரிங் 2014 அக்டோபரில் செவ்வாயை 1,40,000 கி.மீ. நெருக்கத்தில் கடந்தது. இரண்டு வருடம்கூட இல்லை. ஒரு விண்கலம் கட்டி ஏவவே அதைவிட நாளாகும்.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். என்றாவது வானத்தில் கண்கூசும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலுக்கு ஓடாதே. செல்யாபின்ஸ்கில் காயம்பட்ட ஏறத்தாழ 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது உடைந்த கண்ணாடிதான். வெளிச்சத்தை வேடிக்கை பார்க்க ஜன்னலருகே நின்றார்கள், அதிர்வலை வந்துசேர ஓரிரு நிமிடம் பிடித்தது. நீ கண்ணாடியை விட்டு விலகித் தரையில் குனிந்து உட்கார். பக்கத்தில் இருப்பவர்களையும் இழுத்து உட்காரவை.

அப்புறம், 2029 ஏப்ரல் 13ஐக் குறித்துவை, வெள்ளிக்கிழமை. சுமார் 340 மீட்டர் அளவுள்ள அபோஃபிஸ் 32,000 கி.மீ. உயரத்தில் நம்மைக் கடந்து போகும். மோதாது. 2004இல் கண்டுபிடித்தபோது எல்லோரையும் கலங்கடித்த கல், இன்னும் நூறு வருடத்துக்கு ஆபத்தில்லை என்று ரேடாரில் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு வெறுங்கண்ணுக்கே தெரியுமாம். அன்றைக்கு நான் உன் வீட்டில்தான் இருப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன். மொட்டைமாடிச் சாவியை வாங்கிவை.

அன்புடன்,
அம்மா