பிளீச்சிங் பவுடர் இருமலைத் தடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃப்ளூ காய்ச்சல் பரவுவதையொட்டி நம் மாவட்டக் கல்லூரி ஒன்றில் சாலைகளிலும் சாக்கடை ஓரங்களிலும் பிளீச்சிங் பவுடர் தூவி முன்னேற்பாடுகள் முடிக்கப்பட்டதாகச் சென்ற வாரம் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். ‘முடிக்கப்பட்டது’ என்ற அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ஃப்ளூ சாக்கடையிலிருந்து வருவதில்லை என்பது தங்களுக்குத் தெரியாததா? இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகளில் வருகிறது. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லாத விடுதி அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு, வாசலில் தூவிய வெள்ளைப் பொடி என்ன செய்யும்?

என் மகளும் விடுதியில் தங்கித்தான் படிக்கிறாள். சென்ற ஐப்பசி மழையில் அவள் அறையிலிருந்த ஆறு பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் நான்கு பேர் படுத்துவிட்டார்கள். ‘நோயாளி அறை’ என்று பலகை மாட்டிய இடத்தில் உடைந்த பெஞ்சுகளும் ஆண்டு விழாப் பந்தல் துணியும் கிடந்தன. மகளுக்கு 102 டிகிரி. “படுத்துக்கொள், மக்களே” என்று போனில் கெஞ்சினேன். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்று பயந்து, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மாத்திரை காய்ச்சலை இறக்கும், தொற்றை நிறுத்தாது. அன்று அவளிடமிருந்து எத்தனை பிள்ளைகளுக்குப் போனதோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. இரவு பதினொன்றரை மணிக்குத் தக்கலையிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனால், வார்டன் கையெழுத்து இல்லாமல் அனுப்ப முடியாது என்று எங்களை அரை மணி நேரம் மழையில் நிறுத்திவைத்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையையும் சேர்த்துத்தான்.

2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோது நான் ஒரு பள்ளியில் எழுத்தராக இருந்தேன். அப்போதும் பெயருக்குச் சுகாதார உறுதிமொழி எடுத்தோம், புகைப்படம் எடுத்தோம். கொரோனாவின்போது வாசலுக்கு வாசல் கை கழுவும் தொட்டி வைத்தார்களே, அவையெல்லாம் எங்கே போயின? மகளின் விடுதிக் கழிவறையில் சோப்பு இருந்து நான் பார்த்ததே இல்லை. மருத்துவக் கட்டணம் என்று ஆண்டுதோறும் வாங்குகிறார்கள். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார் யார் என்ற பட்டியலாவது வார்டனிடம் உண்டா? ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நள்ளிரவில் மூச்சு முட்டும் பிள்ளையை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு யார் கொண்டுபோவது?

இது ஒரு கல்லூரியின் பாடு மட்டுமல்ல. சனிக்கிழமை மாலை மார்த்தாண்டம், களியக்காவிளை பஸ்களில் தொங்கிக்கொண்டு வீடு திரும்புவதும் இதே பிள்ளைகள்தாம். அந்த வீடுகளில் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. கழிவறையில் சோப்பு, தனிக் கழிவறையோடு காலியான இரண்டு அறைகள், மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு முழுதாக ஒரு நாள் ஆகும்வரை வருகைப்பதிவில் விலக்கு. அடுத்த முறை தங்கள் நிருபர் ஏதாவது கல்லூரிக்குப் போனால், அந்த நோயாளி அறையின் கதவைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
தக்கலை.