காரோடு கொப்பியும் அனுப்பியிருக்கிறேன்

உவர்மலை,
திருகோணமலை.
பங்குனி, ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். அப்பாவின் கை நடுக்கம் போன கிழமை கொஞ்சம் குறைவு. ஆனால் காரைக் கொழும்புக்கு உன்னிடம் அனுப்பிவிட்ட பிறகு, அது இல்லாதது அவருக்குப் பெரிய குறையாக இருக்கிறது. காலையில் எழும்பியதும் பழக்கத்தில் அது நின்ற பக்கம்தான் போகிறார். நேற்று என்னைக் கூப்பிட்டுச் சீமெந்துத் தரையைக் காட்டினார். "இருபது வருஷம் நின்ற இடம், ஒரு சொட்டு ஒயில் கறை இருக்கா பார்" என்றார். உண்மையாகவே இல்லை.

புதன்கிழமை நீ போன் கோலில் சொன்னது எனக்கு மனதில் கிடந்து உறுத்துகிறது. "கார் நல்லா ஓடுது அம்மா, பொனற்றைத் திறக்கவே தேவையில்லை" என்றாய். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். கோலில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய்.

அந்த இரவு நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நீ அப்போது பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாய். 2014 மார்கழி, விடாத மழை. இரவு இரண்டு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை. தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். டாஷ்போர்ட் லைட்டுகள் மங்கி அணைந்தன. குடையும் இல்லாமல் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கேற்றைத் தட்டினேன். அந்தத் தம்பி ஓட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா பிழைத்தார், கடவுள் புண்ணியம். ஆனால் கால் மணித்தியாலம் வீணாய்ப் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை குளிர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்து பொனற்றைத் திறந்தார். பற்றரியின் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்து, வயரின் பிடியையே மூடியிருந்தது. விரலால் தட்டினார், பொலபொலவென்று கொட்டியது. பற்றரியில் பழுதில்லை, அந்தத் தூள்தான் கரண்டை மறித்திருக்கிறது. பிள்ளை, அந்தத் தூளை நான் ஒரு மாதத்துக்கு முன்பே கண்டிருந்தேன். வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்டேன், ஏதோ அழுக்கு என்று மூடிவிட்டேன். காலையில் ஸ்ராட் பண்ணும்போது எஞ்சின் சோம்பலாய்ச் சுற்றியதும் காதில் விழுந்ததுதான். மழைக் குளிர் என்று நினைத்தேன். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கும் சதுரக்கோட்டுக் கொப்பி. இரண்டு கொப்பி முடிந்து இது மூன்றாவது. ஒவ்வொரு ஞாயிறும் திகதி, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர், என்ன பார்த்தேன், என்ன ஊற்றினேன் என்று ஒரு வரி. முப்பது வருஷம் வகுப்பில் வரவு டாப்பு எழுதிய கைக்கு இது ஒரு பாரமில்லை. உனக்கும் பத்து நிமிஷம்தான்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, காரை மட்டமான இடத்தில் நிறுத்திவிட்டுச் செய். முதலில் ஒயில் கம்பி. இழுத்து எடுத்துப் பழைய பருத்தித் துணியால் முழுதாகத் துடை, திரும்ப அடிவரை செருகு, மறுபடி இழுத்துப் பார். முதல் தரம் இழுக்கும்போது தெரியும் மட்டம் பொய். கம்பியில் இரண்டு குறி இருக்கிறது, ஒயில் அவை இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு சொட்டை விரலில் தொட்டுப் பெருவிரலோடு உரசு. கறுப்பாக இருந்தால் பயப்படாதே, அது எஞ்சினின் அழுக்கைத் தாங்கி நிற்கிறது. மணல்போல் நறநறத்தால் மாற்றுகிற நேரம். பால் விட்ட கோப்பிபோல் இருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அப்போது காரை ஸ்ராட் பண்ணவே வேண்டாம், ஆளைக் கூப்பிடு.

இங்கே நாங்கள் 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்றுவோம். நீ அந்தக் கணக்கை நம்பி இருக்காதே. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் தூரம் மீற்றரில் பத்துக் கிலோமீற்றர்கூட ஏறாது. ஆனால் காலி வீதி நெரிசலில் எஞ்சின் ஒரு மணித்தியாலம் ஓடியிருக்கும். நின்று நின்று போகிற ஓட்டம்தான் ஒயிலுக்குக் கடும் ஓட்டம். அவ்வளவு கிலோமீற்றர் ஏறாவிட்டாலும், ஆறு மாதம் வந்தால் மாற்று. ஒயிலோடு பில்டரையும் மாற்று.

பில்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன் ஒரு கராஜில் ஒயிலுக்கும் பில்டருக்கும் காசு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். பில்டரில் பழைய தூசி அப்படியே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு "துடைச்சுப் போட்டது அக்கா" என்றார்கள். அன்றிலிருந்து, நீ மேசையில் விட்டுவிட்டுப் போன சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் பில்டரின் அடியில் ஒரு பொட்டு வைத்துத்தான் காரை விடுவேன். பொட்டு திரும்பி வந்தால் காசு கொடுக்க மாட்டேன். பழைய சாமானை டிக்கியில் போடச் சொல்லிக் கேள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். பெண்பிள்ளை வந்தால் ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பேசு, கதை மாறிவிடும். நல்ல மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதே, இருநூறு முந்நூறு ரூபா கூடினாலும் அவரிடமே போ.

பற்றரியை மாதம் ஒரு தடவை பார். தூள் கண்டால் சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து, பழைய பல்லுத் தூரிகையால் தேய், கழுவு, நன்றாகத் துடை. பிறகு முனையில் மெல்லிசாக வாஸ்லின் பூசிவிடு. வயரைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் நெகட்டிவ், பூட்டும்போது அதைக் கடைசியில். மாறிச் செய்து ஸ்பானர் காரின் தகட்டில் முட்டினால் தீப்பொறி பறக்கும். இந்த வெயில் நாட்டில் ஒரு பற்றரி மூன்று வருஷம் உழைத்தால் பெரிய காரியம். வாங்கிய திகதி கொப்பியில் சிவப்புப் பேனாவால் இருக்கிறது. காரை ஓடாமல் விட்டாலும் பற்றரி இறங்கும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து, QR காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் எடுக்கும் முறை வந்த பிறகும் காரை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தோமே. பற்றரி செத்தது, ரயர்கள் அமுங்கின, பின் பிரேக்கும் ஒட்டிக்கொண்டது. கிழமைக்கு ஒரு தடவையாவது அரை மணித்தியாலம் ஓடு. நிறுத்தி வைத்துக்கொண்டு உறுமவிட்டால் போதாது.

ரேடியேற்றர் மூடியில் சூட்டோடு கை வைக்காதே. இதை நான் சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் சின்ன வயதில் காலை இழுத்துக்கொண்டு அழுதவள் நீ. அந்தத் தண்ணீர் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் கூட. மூடிக்கு உள்ளே அமுக்கத்தில் நிற்கிற தண்ணீர் நூறு பாகைக்கும் மேலே போகும். திறந்தால் முகத்தில்தான் அடிக்கும். சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்து, ஓரமாய் நில், எஞ்சினை அணை, அரை மணித்தியாலம் பொறு. பக்கத்துப் பிளாஸ்டிக் போத்தலில் மட்டம் தெரியும், அதைப் பார்த்தால் போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீரை முன்பு ஊற்றி, ரேடியேற்றர் உள்ளே துருவேறிச் செங்கல் கரைத்த மாதிரி வந்தது. அதனால் இப்போது இருப்பது பச்சைக் கூலன்ட். வேறு நிறத்தைக் கலக்காதே. மட்டம் அடிக்கடி இறங்கினால் ஊற்றி ஊற்றிச் சமாளிக்காமல் எங்கே ஒழுகுகிறது என்று தேடச் சொல்.

ரயருக்குக் காத்து, காலையில் ஓடுவதற்கு முன். அளவு, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கிறது. பெற்றோல் ஷெட்டில் நிற்கும் பையனின் வாய்க்கணக்கு வேண்டாம். ஐந்தாவது ரயரையும் சேர்த்துப் பார்க்கச் சொல், அதை எல்லோரும் மறப்பார்கள். ரயரைத் தடவிப் பார். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காத்துக் குறைவு, நடு தேய்ந்தால் காத்து அதிகம், ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சில்லு நேரில்லை. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. புது ரயர் என்று விற்கிறவரிடம் அதைப் படித்துவிட்டுக் காசை எடு.

பிரேக் ஒயில் சின்னப் போத்தலில் குறிக்குக் கீழே இறங்கினால், பிரேக் பாட் தேய்ந்திருக்கிறது, அல்லது ஒழுகுகிறது. இரண்டும் தள்ளிப்போடக் கூடியதல்ல. காத்திலிருக்கும் ஈரத்தை அந்த ஒயில் குடித்துவிடும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும்.

இந்தக் கார் கடல் காத்தில் வளர்ந்தது. நிலாவெளிக்குப் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவிவிடுவோம், உப்பு கிடந்தால் தகட்டைத் தின்னும். நீ வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருக்கிறாய், அந்தப் பழக்கத்தை விடாதே. கதவுகளின் அடி ஓரத்தில் சின்ன ஓட்டைகள் இருக்கும். அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கித் துரு பிடிக்கும், ஈர்க்குக் குச்சியால் குத்திவிடு. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற பள்ளத்திலும் பார். நம் வேப்பமரத்துச் சருகு ஒரு ஐப்பசியில் அங்கே அடைத்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, காலடிக் கம்பளம் ஒரு மாதம் மணத்தது. இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில். அங்கே வைகாசியிலேயே பிடித்துவிடும். வைப்பர் ரப்பரை இந்த மாதமே மாற்று, வெயிலில் அது காய்ந்து கீறிவிட்டது.

ரைமிங் பெல்ட், எஞ்சினின் உள் ஓட்டத்தை ஒழுங்கில் வைக்கிற பட்டி, கடைசியாக மீற்றரில் 182,000 கிலோமீற்றரில் மாற்றியது. இப்போது 241,000. நம்முடைய கொரோலா 110க்கு அதை 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அறுந்தால் நடுவீதியில் நின்றுவிடும். அதற்கு இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்து வை. 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025 வரைக்கும் புதுக் கார் வரவில்லையே, அந்த நேரம் எத்தனை பேர் நல்ல விலைக்குக் கேட்டார்கள். அப்பா கொடுக்கவில்லை. உனக்கென்று வைத்திருந்தார். புகைச் சான்றிதழ், காப்புறுதி, வரிப் பத்திரம் மூன்றின் திகதியும் கொப்பியின் முன் அட்டையில் இருக்கிறது.

சித்திரை வருஷத்துக்கு வருவாய்தானே. ஆறு மணித்தியால ஓட்டம். அதற்கு முதல் சனிக்கிழமை ரயர், ஒயில், கூலன்ட், எல்லா லைட்டும் பார்த்துவிடு. வீட்டு முற்றத்தில் வைத்து ஒரு தடவை நீயே ஜாக் போட்டு ஸ்பெயார் சில்லை மாற்றிப் பழகு. சில்லு நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே கொஞ்சம் இளக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கே வெளிக்கிடு. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் இருட்டினால் யானை றோட்டில் நிற்கும், கறுப்பு யானை கறுத்த றோட்டில் கிட்ட வரும் வரைக்கும் தெரியாது. பகலில் தாண்டிவிடு. கந்தளாய்க் குளக்கட்டு கண்டதும் ஒரு கோல் எடு, நான் புட்டு அவிக்கப் போடுகிறேன்.

வரும்போது கொப்பியை டாஷ்போர்ட்டிலேயே விட்டு வா. நீ எழுதிய பக்கத்தை அப்பா கேட்பார். இப்போதே தன் கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா