மறை கழன்றது எங்களுக்கா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

உ

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விலை கேட்பதற்கு முன்னால் "அந்தப் பாலம் என்ன ஆச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். மீதிப் பேர் எதுவும் கேட்காமல் சிரிக்கிறார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். சிரிக்கிறவர்களை என்ன செய்வது?

புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலைக்காக வரத்துக்கால் (தண்ணீர் வரும் வாய்க்கால்) மேல் நாங்கள் போட்டுக் கொடுத்த இரும்புப் பாலத்தைப் பற்றி ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் ஒருவர் என் மைத்துனர். வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தில் நட்டு போல்ட்டு போட்டு ஒப்பேற்றிவிட்டேனாம். இரண்டு தகட்டுக்கும் நடுவில் பெயின்ட் கூட அடிக்காமல் மிச்சம் பிடித்தேனாம். டிராக்டர் ஏறினால் 'டக்'கென்று சத்தமாம். கடைசியில் ஒரு பட்டம் வேறு: "மறை கழன்ற பட்டறை."

மற்றதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்தப் பட்டம்தான் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாலம் 12 மீட்டர். ஆலைக்குப் போகும் சந்தில் அவ்வளவு நீள உத்திரத்தோடு லாரி திரும்பாது. அதனால் பட்டறையிலேயே 7 மீட்டர், 5 மீட்டர் என்று இரண்டு துண்டாகச் செய்து, அங்கே கொண்டுபோய்த் தகடு வைத்துப் போல்ட்டால் இணைத்தோம். சரிபாதியாக வெட்டவில்லை. பாரம் ஏறும்போது நடுவில்தான் உத்திரம் அதிகமாக வளையும். இணைப்பு அந்த இடத்தில் விழக்கூடாது என்று பொறியாளர் படத்திலேயே போட்டிருந்தார்.

"அங்கேயே பற்ற வைத்திருக்கலாமே?" என்கிறீர்கள். வைக்கலாம்தான். ஆனால் கீழ்ப்பக்கம் வெல்டிங் வைப்பவர் வாய்க்காலுக்குள் இறங்கி, தலைக்கு மேலே ராடை (வெல்டிங் குச்சியை) பிடிக்க வேண்டும். உருகிய இரும்பு கீழே சொட்டும். ஐப்பசித் தூறல் வேறு. இந்த மாதிரி வேலைக்கு நாங்கள் போடுவது 7018 ராடு. அதைச் சின்ன ஓவனில் 120 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே வைத்திருந்து, எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ராடின் மேல்பூச்சு ஈரம் குடித்துவிட்டால் அந்த ஈரத்திலிருக்கும் ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வைத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பார்க்க அழகாக இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து மயிரிழை போல வெடிப்பு விடும். அதனால்தான் முக்கியமான வெல்டிங்கை 48 மணி நேரம் விட்டுப் பரிசோதிப்பது.

பட்டறையில் அந்தக் கவலை இல்லை. உத்திரத்தைப் புரட்டிப் போட்டு, வெல்டிங் விழ வேண்டிய இடம் மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்கிறோம். வெல்டிங் மேல் படிந்த கசடைத் தட்டி எடுத்து, சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளை மருந்து அடிக்கிறோம். வெடிப்பு இருந்தால் அந்த வெள்ளையில் சிவப்புக் கோடு கசிந்து நிற்கும். அதனால் பட்டறையில் வெல்டிங், சைட்டில் போல்ட்டு. ஊர் உலகத்தில் பெரிய வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். (வெல்டிங் குண்டாக இருந்தால்தான் பலம் என்ற நினைப்பையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 6 மி.மீ. போதும் என்ற இடத்தில் 12 வைத்தால், கூடுதல் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும்.)

போல்ட்டு என்றால் மட்டம் என்று யார் சொன்னது? ராமேஸ்வரம் போகும்போது 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் வரிசை வரிசையாகக் குமிழ் குமிழாகத் தெரிந்தது ரிவெட்டு. பழுக்கக் காய்ச்சித் துளையில் சொருகி அடிப்பார்கள்; ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இன்று அப்படி அடிக்க ஆள் கிடைப்பது அரிது. அந்த இடத்துக்கு வந்ததுதான் இந்த உயர்பலப் போல்ட்டு. தலையில் பலத்தைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறித்திருக்கும், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்குகிற போல்ட்டு இல்லை. முழுதாக முடுக்கினால் 20 மி.மீ. போல்ட்டு ஒவ்வொன்றும் சுமார் 14 டன் இழுவையில் தகடுகளை அழுத்திப் பிடிக்கும். பாரத்தைத் தாங்குவது அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான்.

பெயின்ட் விஷயமும் இதில்தான் வருகிறது. மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய தகட்டு முகத்துக்கு, இரும்புக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 800 தரும் உராய்வுக் கணக்கு 0.48 (எண் கூடினால் பிடிப்பும் கூடும்), ஒன்றும் செய்யாத முகத்துக்கு 0.2-தான். பாடுபட்டுச் சொரசொரப்பாக்கிய முகத்தில் நானே பெயின்ட் அடித்து வழவழப்பாக்குவேனா? இணைத்த பிறகு தண்ணீர் இறங்காதபடி விளிம்பு முழுக்கப் பெயின்ட் அடித்திருக்கிறோம். துருவை ஆராய 1953 முதல் ஊருக்குள்ளேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வைத்திருக்கும் காரைக்குடிக்காரனுக்குத் துரு தெரியாதா?

ஒவ்வொரு மறையிலும் (நட்டிலும்) ஒரு மஞ்சள் கோடு பார்த்திருப்பீர்கள். அது பையன்கள் கிறுக்கியதில்லை. முதலில் ஸ்பானரால் கைப்பலம் முழுதும் கொடுத்து முடுக்கி, மறை, போல்ட்டு நுனி, தகடு மூன்றையும் தொட்டு ஒரே கோடாகப் போடுவோம். பிறகு நீளக் கம்பி மாட்டி, எங்கள் போல்ட்டு நீளத்துக்கு இன்னும் அரைச் சுற்று. மறையில் உள்ள கோடு எதிர்ப்பக்கம் போய் நின்றால் முடுக்கியாயிற்று. யார் வேண்டுமானாலும் கண்ணால் சரிபார்க்கலாம்.

சத்தத்தைப் பற்றி: கடைசி நாள் மழை இருட்டில் ஒரு பக்கத் தகட்டில் நான்கு போல்ட்டுக்கு மட்டும் அந்த அரைச் சுற்று விட்டுப்போயிற்று. 20 மி.மீ. போல்ட்டுக்குத் துளை 22, அந்த இடைவெளிதான் பேசியிருக்கிறது. மறுவாரமே போய்ப் புதுப் போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டோம். இப்போது சத்தம் இல்லை. சரி, அது போகட்டும்.

எங்கள் மூத்த வெல்டர் ஆவணியில் குவைத் போய்விட்டது பலருக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் கூட இருந்தவர். நல்ல சம்பளம், போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருச்சிப் பக்கமிருந்து ஒருவர் வந்திருக்கிறார், வேலை சுத்தம். ஆனாலும் சோதனைத் துண்டு வெட்டிப் பார்க்காமல் பாரம் தாங்கும் வேலையை அவரிடம் கொடுப்பதில்லை. அதனால் மூன்று வாரத்தில் தந்த வேலை இப்போது ஐந்து, ஆறு வாரம் ஆகிறது. கார்த்திகை முதல் கூலி கிலோவுக்கு நான்கு ரூபாய் கூடும், ஜிஎஸ்டி தனி.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் ஆர்டரைத் திருப்பிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அதை எப்படி மறப்பேன்? குரல் பதிவைக் கேட்ட அன்றைக்கே கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் போன் போட்டு, "அப்பச்சி காலத்தில் சீமையிலிருந்து வந்த உத்திரத்துக்கே நீதானப்பா முட்டுக் கொடுத்தாய், வளவு முற்றத்துக்கு மேல் கூரையும் நீயே போடு" என்றார். தேவகோட்டை அண்ணன் முன்பணத்தைக் கூடுதலாகவே கொடுத்துவிட்டுப் போனார். உங்களையெல்லாம் நம்பித்தான் பட்டறையில் தினமும் கரண்டைப் போடுகிறேன். மனமார்ந்த நன்றி.

பாலத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆலையில் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். மஞ்சள் கோட்டைப் பாருங்கள், ஸ்பானர் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
காரைக்குடி

பின்குறிப்பு: குரல் பதிவு போட்ட தம்பிக்கு: உங்கள் வீட்டு கேட் போன வாரமே தயார். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். பாக்கி 3,500 ரூபாய்.