எங்கள் முகாமிலேயே மலேரியா இரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்யுமாறு கோரும் மனு

மாசி, 1997

அனுப்புவோர்: குளக்கட்டடி இடம்பெயர்ந்தோர் முகாம் மக்கள், வன்னி
பெறுநர்: சுகாதாரப் பொறுப்பதிகாரி அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, கிளிநொச்சியில் தங்கி, சென்ற ஆண்டு அங்கிருந்தும் இடம்பெயர்ந்து வந்த நாங்கள் தங்களுக்கு எழுதும் மூன்றாவது மனு இது. கார்த்திகையிலும் தையிலும் கையளித்த மனுக்களுக்கு மறுமொழி கிடைக்கவில்லை. மதகடியில் ஜீப்பை நிறுத்திவிட்டுத் தாங்கள் நடந்து வந்து பார்த்த அதே கொட்டில்களில்தான் இன்றும் இருக்கிறோம்.

1. மாரி ஓய்ந்து ஆறு வற்றத் தொடங்கியதும், மணற்குழிகளிலும் கைவிட்ட கிணறுகளிலும் தேங்கிய தெளிந்த நீரில் நுளம்பு பெருகிவிட்டது.

2. இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் தங்கும் என்பதால்தான் வீட்டுக்குள் மருந்து தெளிக்கிறார்கள். எங்களுக்குச் சுவரே இல்லை, தறப்பாளும் கிடுகும்தான். ஆகவே நுளம்பு வலை வேண்டும், முதலில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்.

3. எல்லாவற்றிலும் எங்களைக் கொல்வது இரத்தப் பரிசோதனைக்கான காத்திருப்பு. காய்ச்சல்காரரை ஐந்து மைல் சைக்கிளில் ஏற்றிச் சென்று விரலில் குத்தி இரத்தம் கொடுத்தால், முடிவு வர ஆறு நாளாகிறது. அதுவரை மலேரியாவுக்கான குளோரோகுயின் குளிசை தருகிறார்கள். வைவாக்ஸ் என்ற வகை மலேரியா என்றால் காய்ச்சல் தணிகிறது. பல்சிபாரம் என்ற கடுமையான வகை என்றால் பலருக்கு அந்தக் குளிசை கேட்பதில்லை என்பதும், மூளையைத் தாக்கினால் நாட்கணக்கு அல்ல, மணிக்கணக்கே மிஞ்சும் என்பதும் தாங்கள் அறியாததா? சென்ற மாதம் ஆறு வயதுப் பிள்ளையொன்றுக்கு மூன்றாம் நாள் இரவு வலிப்புக் கண்டது. விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாத இருட்டில், தாயின் மடியிலேயே விடியுமுன் போய்விட்டது. பிள்ளையைப் புதைத்த பின்னர், ஆறாம் நாள், பல்சிபாரம் என்று எழுதிய துண்டு வந்தது. அந்தத் துண்டை வைத்து அந்தத் தாய் என்ன செய்வது, ஐயா?

4. மருந்துகள் வன்னிக்குள் வருவதற்கு உள்ள தடை தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். நாங்கள் கேட்பது ஒரு நுணுக்குக்காட்டி, கண்ணாடித் துண்டுகள், சாயம், இவ்வளவே. ஆய்வுகூடத்தில் இருபது ஆண்டுகள் வேலை செய்தவர் ஒருவர் எங்கள் முகாமிலேயே வேலையின்றி இருக்கிறார். அவருடைய பெயரை இரண்டு மனுக்களிலும் எழுதினோம். அவற்றை யாராவது வாசித்தார்களா? 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டதென்றால், வீடு வீடாக மருந்து தெளித்ததோடு காய்ச்சல்காரரைத் தேடித் தேடி இரத்தம் பார்த்ததும் அதற்குக் காரணம் அல்லவா? நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. அன்றன்றைக்கு எடுத்த இரத்தத்தை அன்றன்றைக்கே பார்க்க வழி செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

5. நுணுக்குக்காட்டியை வைக்கப் பள்ளிக்கூடக் கொட்டிலில் ஒரு மேசையை ஒதுக்கிவிட்டோம்.

இம்மனுவுக்காவது மறுமொழி தருமாறும், அடுத்த மழைக்கு முன்னர் அந்த நுணுக்குக்காட்டியை அனுப்பி வைக்குமாறும் தங்களை மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
முகாம் மக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் மறுபக்கத்தில்)